ரோடனீஸின் கந்தகம்

ஒரு கல்லீரல் செல்லுக்குள் ரோடனீஸ் என்றொரு நொதி இருந்தது. உள்ளே வரும் சயனைடு விஷத்தின் மேல் கந்தகத்தை ஒட்டி, அதைச் சாதுவாக்குவதுதான் அதன் வேலை. விஷம் அதிகம் வராததால், பெரும்பாலும் கையில் கந்தகத்தோடு காத்திருக்கும்.

"சும்மா இருக்கறதுக்கும் ஒரு ஆளா?" என்று சிரிப்பார் சைட்டோகுரோம். அந்தச் செல்லுக்கே மூச்சு தரும் பெரிய நொதி அவர்.

ஒரு மதியம் அரைவேக்காட்டு மரவள்ளிக்கிழங்கு வந்தது. அதிலிருந்த விஷம் நேராகப் போய் சைட்டோகுரோமின் கழுத்தைப் பிடித்தது. அவருக்கு மூச்சே நின்றுபோனது.

"ஐயா, கொஞ்சம் பொறுத்துக்குங்க!" ரோடனீஸ் ஓடிவந்து கந்தகத்தை ஒட்ட ஒட்ட, பிடி தளர்ந்தது. சாதுவான விஷம் சிறுநீரோடு வெளியேறியது.

திரும்பி வந்த முதல் மூச்சை சைட்டோகுரோம் வீணாக்கவில்லை.

"ஏம்ப்பா, இவ்வளவு லேட்டு?" என்று கேட்டார்.