பனி பிடித்த மிஷின்

மிஷினுக்குள் காயில் குழாய் மறுபடியும் வெளுத்திருந்தது.

கன்னியப்பன் முன்பக்கக் கம்பி ஜாலிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தான். சற்று முன்பு உப்புப் பூத்ததுபோல இருந்தது, இப்போது விரல் கனத்துக்குப் பனிக்கட்டி. அடியிலிருந்த தொட்டியில் காலையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர்கூடச் சேரவில்லை.

ஆம்பூரில் ஒன்பது நாளாக மழை விடவில்லை. சுவரைத் தொட்டால் கை நனைந்தது.

அந்த அறையில்தான் முந்நூறு ஜோடி அப்பர் அடுக்கியிருந்தது. ஷூவின் மேல்பாகம். கம்பெனி தோலை வெட்டிக் கொடுத்தனுப்பும். கன்னியப்பனும் மனைவி எழிலரசியும் வீட்டில் உட்கார்ந்து கையால் தைத்துக் கொடுப்பார்கள்.

போன மழைக்காலத்தில் தைத்ததெல்லாம் பூஞ்சை பிடித்துத் திரும்பி வந்தது. அதனால் இந்த முறை சூப்பர்வைசர் சம்பத்தே ஈரத்தை உறிஞ்சும் இந்த மிஷினைக் கொண்டுவந்து வைத்தார். இன்னொரு தடவை பூஞ்சை வந்தால் லிஸ்டிலிருந்து பேரை எடுத்துவிடுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மதியம் இரண்டு மணிக்குச் சரக்கெடுக்க வண்டி வரும். இப்போது பத்தரை.

மேலடுக்கில் இருந்த ஒரு அப்பரை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினான். தையலோரம் ஊசிமுனை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. லுங்கி நுனியால் துடைத்தான். அடுத்ததை எடுத்தான்.

அதிலும் இருந்தது.

இந்த வேலையும் போனால் ஐம்பது வயதில் எந்தக் கம்பெனி வாசலில் போய் நிற்பது?

தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்துவிட்டான். மிஷினை நிறுத்தி, பனி முழுக்க உருகும்வரை காத்திருந்து, திரும்பப் போட்டான். சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி வைத்தான். ஜன்னல் இடுக்கிலெல்லாம் பேப்பரைத் திணித்தான். அரை மணி நேரம் ஒழுங்காக ஓடும், பிறகு பழையபடி பனி. ஆத்திரத்தில் கத்தியை எடுத்துச் சுரண்டப் போனவன், அதைக் கீழே வைத்துவிட்டு மஹீனுக்குப் போன் செய்து, சுரண்டலாமா என்று கேட்டான். வேலூர் லாங் பஜாரில் ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பழைய தோஸ்த்.

"கத்திய கிட்ட கொண்டுபோவாத கன்னியப்பா, டியூப்பு ஓட்டையாச்சுன்னா கேஸ் போய்டும், அத்தோட மிஷினு காலி. காத்து உள்ள போறது கம்மியானாதான் இப்டி ஐஸ் புடிக்கும். ஃபில்டர கழுவுனியா இல்லியா?"

அப்படி ஒன்று இருப்பதையே யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

மஹீன் சொன்னபடி பிளக்கைப் பிடுங்கிவிட்டு மிஷினின் பின்பக்கத்தைத் தடவினான். அடியில் சின்னதாக ஒரு பள்ளம். விரலை விட்டு இழுத்தான், அசையவில்லை. முழங்காலை முட்டுக்கொடுத்து இழுத்ததும் படக்கென்று கழன்று கையோடு வந்தது.

வலை இருக்க வேண்டிய இடத்தில் வலை தெரியவில்லை. கறுப்பாக, கம்பளித் துண்டு மாதிரி ஏதோ அடைத்திருந்தது.

தோல் தூசு என்று நினைத்தான். இவ்வளவுதானா என்று சிரிப்புகூட வந்தது. ஓரத்தைப் பிடித்து உரித்தான். தூசு போல அது உதிரவில்லை. நீளமாக வந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.

முடி.

கை கொள்ளாத முடி.

மிஷினை ஒட்டி உட்கார்ந்துதான் எழிலரசி தினமும் தைப்பாள்.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அவள் ஈரக்கையோடு வந்து வாசற்படியில் நின்றாள். அவன் கையில் இருப்பதைப் பார்த்தாள். அவசரமாக முந்தானையைத் தலைக்கு இழுத்தாள். இழுத்த வேகத்தில் காதுக்கு மேலே வெறும் தோல் தெரிந்தது.

"மாருல கட்டின்னு சொல்லிட்டாங்க. அரக்கோணத்துக்கு அக்கா வூட்டுக்குன்னு போனேன் இல்ல... அப்ப வேலூரு ஆஸ்பத்திரிலதான் இருந்தோம், மொத ஊசி போட்டாங்க. ஆர்டர் போவட்டும், அப்பால சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

 

அவளே வந்து ஃபில்டரை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். குழாயடியில் கழுவி, உதறி, பழைய இடத்தில் செருகி, பிளக்கைச் சொருகினாள். மிஷின் இழுத்து மூச்சு விட்டது. ஒட்டியிருந்த பனி சரிந்து விழுந்தது. கொஞ்ச நேரத்தில் தொட்டிக்குள் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழத் தொடங்கியது.

"வேல செய்யுது பாருங்க," என்றாள். அவள் முகம் நிஜமாகவே மலர்ந்திருந்தது.

கன்னியப்பன் தரையிலேயே உட்கார்ந்திருந்தான்.

அரக்கோணம் போய்த் திரும்பி வந்த அன்று அவள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே நடந்தாள். ஜுரம் என்று சொன்னாள். அவன் தையலிலிருந்து தலையைத் தூக்காமல், இந்த ஜுரத்தோடு இன்றைக்கு எத்தனை ஜோடி முடிப்பாய் என்று கேட்டிருந்தான்.

பத்து என்று சொல்லிவிட்டு, பன்னிரண்டு முடித்திருந்தாள்.