மணி என்னக்கா?

"மணி என்னக்கா?"

காலையிலிருந்து இது பன்னிரண்டாவது தடவை. அவள் எண்ணிக்கொண்டுதான் இருந்தாள்.

கடிகாரம் அவள் முதுகுக்குப் பின்னால் சுவரில் தொங்குகிறது, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு. வண்டி தள்ளுகிறவனுக்கு அது நேர் எதிரே. அவள்தான் ஸ்டூலில் முழுசாகத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

"உன் கண்ணு முன்னாடிதானே தொங்குது?"

"முள்ளு சரியாத் தெரியலக்கா."

"பதினொன்னு இருபது."

"சரிக்கா." பெட்டி ஏற்றிய வண்டியைக் கடகடவென்று தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இது கண்ணை எடுக்காமல் பார்க்கிற வேலை. வெள்ளை வெளிச்சப் பலகைக்கு முன்னால் காலி மருந்துப் பாட்டில்கள் வரிசையாக நகரும், நிமிஷத்துக்கு நாற்பது. கீறல், குமிழி, தூசி இருந்தால் எடுத்துவிட வேண்டும். ஆனால் அவள் மனசு ஓர் இடத்தில் நிற்காது. அடுப்பை அணைத்தோமா என்று போகும், மகளின் பரீட்சைக்குப் போகும். கண் பாட்டில்மேலேயே இருக்கும், பாட்டில் தாண்டிப் போயிருக்கும்.

வாரத்தில் ஒரு நாள், எந்த நாள் என்று சொல்லாமல், சூப்பர்வைசர் பத்துக் கெட்ட பாட்டிலைக் கலந்து விடுவார். குறைந்தது எட்டையாவது பிடிக்க வேண்டும். மூன்று முறை தவறினால் ஸ்டூல் போய்விடும். ஆண் என்றால் வண்டி தள்ளலாம், பெண் என்றால் கழுவுகிற பகுதிக்குப் போக வேண்டும். அங்கே எட்டு மணி நேரமும் ஈரத்தில் நிற்கணும். அவள் முழங்காலுக்கு அரை மணி நேரமே அதிகம்.

இந்த ஸ்டூலுக்கு வந்த முதல் வாரம் ஆறுதான் பிடித்தாள். பயந்துபோய், மறுநாளே காதில் பஞ்சு வைத்தாள். போனைப் பூட்டி வைத்தாள். ராத்திரி ஒன்பதுக்கே படுத்தாள். இரண்டாம் வாரம் ஒன்பது வந்தது.

அன்றைக்கே சூப்பர்வைசரிடம் போனாள்.

"சார், அந்த வண்டிக்காரன் மணி கேட்டே என் உசுரை வாங்குறான். இவ்வளவு தொல்லையிலயே ஒன்பது. அவன் இல்லேன்னா பத்து சார்."

"சரிம்மா. அவனை அந்தக் கோடிக்கு மாத்திடறேன்."

விஷயத்தைச் சொன்னபோது அவன் முகம் கொஞ்சம் சுருங்கியது. "சரிக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினான்.

மூன்றாம் வாரம் நிம்மதியாகப் போயிற்று. யாரும் எதுவும் கேட்கவில்லை.

"அஞ்சு" என்றார் சூப்பர்வைசர்.

"அஞ்சா?"

"அஞ்சுதாம்மா. இன்னும் ஒரு தடவை தவறினா என் கையில எதுவும் இல்ல."

அன்று சாயங்காலம் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டு உட்கார்ந்தாள். ஆறு, ஒன்பது, அஞ்சு.

"என்னம்மா, எனக்குப் பரீட்சைன்னா நீ படிக்கிற?" என்று மகள் எட்டிப் பார்த்தாள்.

"சும்மா இருடி. பஞ்சு ரெண்டு வாரமும் வெச்சேன். போன் ரெண்டு வாரமும் பெட்டியில. தூக்கமும் அதே ஒன்பது மணி. அப்புறம் எது குறைஞ்சுது?"

மகள் தாளை வாங்கிப் பார்த்தாள். "மணி கேக்குற ஆளு குறைஞ்சிருக்காரு."

"போடி. அவன் தொல்லை."

சொல்லிவிட்டாளே தவிர, படுத்த பிறகும் அது நெருடிக்கொண்டே இருந்தது. அவன் மணி கேட்க ஆரம்பித்தது எப்போது? அவள் ஆறு வாங்கிய மறுநாள்.

காலையில் நேரே சூப்பர்வைசரிடம் போனாள்.

"சார், அவனை இந்தப் பக்கமே விட்டுடுங்க."

"தொல்லைன்னீங்க?"

"தொல்லைதான். இருந்துட்டுப் போகட்டும்."

வந்தான். ஒன்றும் நடக்காதது மாதிரி பெட்டியை அடுக்கினான். கொஞ்ச நேரத்தில், "மணி என்னக்கா?"

அவள் திரும்பினாள், பார்த்தாள், சொன்னாள். மறுபடி பலகைக்குத் திரும்பியபோது பாட்டில் ஒவ்வொன்றும் தனித்தனியாக, புதுசாகத் தெரிந்தது.

அந்த வாரம் பத்துக்குப் பத்து.

வேலை முடிந்து கை கழுவுகிற குழாயடியில் அவனைப் பிடித்தாள்.

"உனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. அந்தக் கோடியில இருக்கிற பெட்டி நம்பரை இங்கேருந்து படிக்கிற. பார்த்தேன். அப்புறம் என்னத்துக்கு என்கிட்ட மணி கேக்குற?"

அவன் சோப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க நல்லாப் பாக்குறப்ப உங்க வலது காலு ஸ்டூல் கம்பியைத் தட்டிக்கிட்டே இருக்கும்க்கா. மனசு வேற எங்கயாவது போச்சுன்னா காலு நின்னுடும். பதினெட்டு நிமிஷம், இருபது நிமிஷத்துக்கு ஒருக்கா நிக்குது. நின்னா கேப்பேன்."

"இதை வாயைத் திறந்து சொன்னா என்ன?"

"சொன்னா காலை மட்டும் ஆட்டிக்கிட்டு இருப்பீங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதுசரி. பெட்டி தள்ளுற உனக்கு இதெல்லாம் எப்படித் தெரிஞ்சுது?"

அவன் குழாயை மூடினான். சொட்டு நிற்கிறவரை திருகினான்.

"அந்த ஸ்டூல்ல உங்களுக்கு முன்னாடி ஆறு வருஷம் உக்காந்திருந்தது நான்தான்க்கா. எனக்குப் பதினாலு நிமிஷம்தான் தாங்கும். என்கிட்ட யாரும் மணி கேக்கல."