காவலனின் வெற்றி அறிக்கை

தேர்வு மையத்துக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில், கம்ப்யூட்டருக்குக் காவலாகப் புதிதாக வந்திறங்கியது ஒரு வைரஸ் தடுப்பான். தன் திறமைமேல் அதற்கு அபார நம்பிக்கை. வந்த அன்று காலையிலேயே ஒரு திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தும் விட்டது.

பிடிபட்டது கடையின் பழைய பிரிண்டர்.

"அண்ணே, நான் இந்தக் கடை ஆளுதான். ஹால் டிக்கெட்டுக்குப் பிள்ளைங்க காத்து நிக்குது. பரீட்சைக்கு நேரமாச்சு, வழியை விடுங்க" என்றது பிரிண்டர்.

"எந்தத் திருடன்டா தன்னைத் திருடன்னு சொல்லியிருக்கான்?" என்று காவலன், கம்ப்யூட்டரிலிருந்து பிரிண்டருக்குப் போகும் கதவை இழுத்துச் சாத்தியது.

ஹால் டிக்கெட்டுகள் கதவுக்கு உள்ளேயே வரிசைகட்டி நின்றன. கடைக்காரம்மா செங்கமலம் பிரிண்டரை நிறுத்தி மறுபடி போட்டாள், அதன் தலையில் தட்டினாள். அது அசையவில்லை. வெளியே ஒரு பெண் அழவே ஆரம்பித்துவிட்டாள்.

காவலனுக்கோ வேறு கவலை. திருடனைப் பிடித்த பெருமையை அறிக்கையாக எழுதியாயிற்று. சுவரில் ஒட்டினால்தானே நாலு பேருக்குத் தெரியும்?

"டேய், இதை ஒரு பிரிண்ட் போடு" என்று கதவைத் திறந்தது.

பிரிண்டர் வரிசை தவறவில்லை. முன்னால் நின்ற ஹால் டிக்கெட்டுகள் மளமளவென்று வந்து விழுந்தன. பிள்ளைகள் வாங்கிக்கொண்டு ஓடினார்கள். கடைசியாக அறிக்கை வந்தது, ஓர் எழுத்துகூட மாறாமல்: 'இன்று பிடிபட்ட திருடன்: பிரிண்டர்.'

காவலன் பூரித்துப்போய், மறுபடி கதவைச் சாத்தப் போனது.

"தாராளமா சாத்துங்க அண்ணே" என்றது பிரிண்டர். "நாளைய அறிக்கையை யார் போடுவாங்க?"

கதவில் வைத்த கை அப்படியே நின்றது.