பேய் படியிறங்கும் காட்சி

நாற்பது வருடங்களுக்கு முன், கிள்ளானை அடுத்த மேருவில் ஒரு பழைய பங்களாவில், சொற்பச் செலவில் எடுத்த பேய்ப்படம் அது. பேயாக நடித்தவள் திமோத்தியின் மனைவி சாந்தமேரி. படம் வெளிவந்த வருடமே காய்ச்சலில் போய்விட்டாள். இன்றும் ஆண்டுதோறும் தலைநகரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஒரு சிறிய அரங்கில் இளைஞர்கள் கூடி, வசனங்களைக் கூடவே கத்திக்கொண்டு அதைப் பார்க்கிறார்கள். திமோத்தி கிள்ளானிலிருந்து தனியாக ரயிலேறி வந்து முன்வரிசையில் உட்காருவார்.

சில வருடங்களாகத் திரையில் அவள் தலை நரைத்துக்கொண்டு வந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. இந்த முறை கன்னமும் ஒட்டிப்போயிருந்தது.

"அந்தப் பேய்க்கு என்ன வயசும்மா இருக்கும்?" என்று பக்கத்திலிருந்த பெண்ணிடம் கேட்டார்.

"இருபத்தஞ்சுகூட இருக்காது அங்கிள். செம்ம அழகு லா."

மாடியிலிருந்து பேய் பாய்ந்து இறங்கும் காட்சி வந்தது. அரங்கமே அலறியது.

"என்னா ஸ்பீடு!" என்றாள் அந்தப் பெண்.

திமோத்தி பார்த்ததோ, சாந்தமேரி கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, வலிக்கிற முழங்காலை மெல்ல மடக்கி, அடுத்த படியைக் காலால் துழாவுவதை. தன்னையறியாமல் எழுந்துவிட்டார்.

"அங்கிள், மறைக்குது, உட்காருங்க!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

அவள் கடைசிப் படியும் இறங்கித் தரையில் கால் வைக்கும்வரை, அவர் கையை நீட்டியபடியே நின்றார்.