மூன்றாவது ஓலை

போதகர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மூன்றாவது ஓலையைக் கையில் எடுத்தார்.

பிரிஸில்லா பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். இந்தத் தடவை விடுவதாக இல்லை.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, ஆராதனைக்கு நடுவே, மாப்பிள்ளை பேரையும் பெண் பேரையும் சபையில் வாசிப்பார்கள். அதற்கு ஓலை வாசிப்பது என்று பேர். யாருக்காவது தடை இருந்தால் சொல்லலாம் என்பார்கள். அது ஒரு சம்பிரதாயம். ஆரணியில் அந்தச் சபையில் இதுவரை ஒருவரும் அதற்காக எழுந்ததில்லை. போதகரும் பதிலுக்குக் காத்திருந்ததில்லை. கேட்ட மூச்சிலேயே அடுத்த அறிவிப்புக்குப் போய்விடுவார். நடுவில் தும்மக்கூட நேரம் கிடைக்காது.

முதல் ஞாயிறு அவள் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

போன ஞாயிறு எழுந்தே விட்டாள். ஒரு நொடி பிந்திவிட்டது. பாட்டுக்குத்தான் எழுகிறாள் என்று நினைத்துப் பின்னாலிருந்த மூன்று பெஞ்சும் எழுந்துகொண்டது. ஆர்மோனியக்காரரும் வாசிக்கத் தொடங்கிவிட்டார். சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு நான்கு சரணமும் பாடிவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

வீட்டில் சொல்லிப் பார்க்காமல் இல்லை. பத்திரிகை வைத்தாயிற்று என்றாள் அம்மா. அப்பா ஒரு படி மேலே போய், ரெண்டு வருஷம் சண்டை போட்டு நீயே கொண்டுவந்த மாப்பிள்ளைதானே என்று கேட்டார். கிளமெண்ட்தான் வேண்டும் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தவள் அவள்தான்.

கிளமெண்ட் குடிக்கிறவன் இல்லை. கை நீட்டியதில்லை. அவள்மேல் உயிரையே வைத்திருக்கிறான். வைத்த உயிர் வைத்த இடத்தில் இருக்கிறதா என்று பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் போன் போட்டுப் பார்த்துக்கொள்கிறான், அவ்வளவுதான்.

போளூருக்கு பஸ் ஏறினால், பக்கத்து சீட்டில் யார் என்று போட்டோ அனுப்ப வேண்டும். தாமதமானால் அழுவான். அவன் அழுதால் அவளுக்குத் தாங்காது. இதெல்லாம் அன்பு என்றுதான் அவளும் வெகுநாள் நினைத்திருந்தாள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பட்டுக் கடையில் கம்ப்யூட்டரில் சேலைக்கு டிசைன் போடுவது அவள் வேலை. அதைத் தறியில் நெய்கிறவர் பன்னீர்செல்வம், அவள் அப்பாவைவிட மூத்தவர். முதல் ஓலை வாசித்த வாரம், அவருடைய நம்பரை அவள் போனில் பார்த்த கிளமெண்ட், அவரைக் கூப்பிட்டுக் கேட்கக் கூடாததையெல்லாம் கேட்டுவிட்டான்.

மறுநாள் அவர் கடைக்குள் வரவில்லை. வாசற்படியிலேயே நின்றுகொண்டார்.

"நான் இங்கியே நின்னுக்கறேம்மா. பார்டர்ல ஒரு டவுட்டு, அங்கிருந்தே சொல்லிடு."

அவளுக்கு மானம் போய்விட்டது. கிளமெண்டிடமே போய்ச் சொன்னாள், வேண்டாம் என்று. அழுதான். கல்யாணம் ஆகட்டும், அப்புறம் நான் ஏன் சந்தேகப்படப் போகிறேன் என்றான். அன்றைக்குத்தான் முடிவு செய்தாள்.

அவன்மேல் ஆசை போய்விட்டதா என்றால், இல்லை. ஆண்கள் பக்கம் வெள்ளைச் சட்டையில் அவன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் இப்போதும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அது பாட்டுக்கு அடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

போதகர் இரண்டு பேரையும் வாசித்து முடித்தார். "இவர்களுடைய விவாகத்துக்கு நியாயமான தடை யாருக்காவது தெரிந்திருந்தால்…"

வாக்கியம் முடியவில்லை. பிரிஸில்லா எழுந்துவிட்டாள். பாட்டு என்று யாரும் நினைத்துவிடக் கூடாதென்று கையையும் தூக்கியிருந்தாள்.

"எனக்குத் தடை இருக்குதுங்க ஐயா. பொண்ணு நான்தான். எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்."

அம்மா அவள் சேலையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். கிளமெண்ட் எழுந்து, உட்கார்ந்து, மறுபடியும் எழுந்தான். போதகர் ஓலையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அந்தக் கேள்விக்குப் பதில் வந்தால் என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

"காரணம் சொல்லணுமேம்மா" என்றார்.

"அவரு என்னை நம்பலைங்க. நம்பாதவரோட நான் குடும்பம் நடத்த மாட்டேன்."

முன் வரிசையிலிருந்து ஏசுதாஸ் எழுந்தார். சபைச் செயலாளர், கிளமெண்டின் அப்பா. முகத்தில் கோபம் இல்லை. சின்னஞ்சிறுசுகளின் சண்டையைத் தீர்த்துவைக்கிற பெரிய மனிதரின் சிரிப்புதான் இருந்தது.

"இதுக்கா இவ்ளோ பேஜாரு? என் புள்ள பாசக்காரன். கல்யாணம் ஆயி வந்தா எல்லாம் சரியாப் போயிடும்மா. உக்காரு."

ஆண்கள் பக்கம் நாலைந்து தலைகள் ஆடின. பெண்கள் பக்கமும்தான். பிரிஸில்லா உட்காரவில்லை.

"சரியாப் போவாதுங்க."

குரல் பெண்கள் பக்கத்து முன் பெஞ்சிலிருந்து வந்தது. எல்லோரும் திரும்பினார்கள். கிளமெண்டின் அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்து நின்றார். மகனையும் பார்க்கவில்லை, கணவரையும் பார்க்கவில்லை. போதகரை மட்டும் பார்த்தார்.

"தடைன்னு என் பேரையும் சேர்த்து எழுதிக்குங்க ஐயா. இவரும் இப்டி சொல்லித்தான் என்னைக் கட்டிகினு வந்தாரு. முப்பத்தோரு வருஷம் ஆச்சு."