குழல்விளக்கின் முனையில் ஒரு தேதி

ஃபின்லாந்தின் ஔலு நகரில் வாழும் தௌனோ ஒழுங்குக்குப் பேர்போனவர். முரு என்னும் தம் ஆமையின் கூண்டில், வெப்ப விளக்கின் கீழுள்ள கல் முப்பத்தைந்து டிகிரி காட்டிய பின்னரே காலைக் காப்பியைத் தொடுவார். ஆமை ஓடு மென்மையாகாமல் காக்கும் புற ஊதாக் குழல்விளக்கோ மனைவி கெர்த்துவின் பொறுப்பு. டிசம்பர்தோறும் புதியது மாட்டி, முனையில் தேதி எழுதுவாள். அவள் இறந்து மூன்றாண்டுகள் ஆயின. இப்போது முருவைத் தவிர அவருக்கு யாருமில்லை.

வெப்ப விளக்கு வாங்கச் சென்றபோது, குழலை எப்போது மாற்றினார் என்று கடைக்காரி ஹில்க்கா கேட்டாள். கெர்த்து போனபின் மாற்றவேயில்லை என்றார் அவர்.

“மூணு வருஷமாவா? வெளிச்சம் எரியும் தௌனோ, உள்ள கதிர் செத்திருக்கும். ஓடு இந்நேரம் ரொட்டி மாதிரி மெத்துன்னு ஆயிருக்கும். காப்பிய மட்டும் மறந்திருக்க மாட்டீங்களே!”

புதுக்குழலுடன் விரைந்து வந்து, முருவின் ஓட்டை விரலால் அழுத்தினார். அது கல்போல் உறுதியாக இருந்தது. பழைய குழலைக் கழற்றினார். முனையில் கெர்த்துவின் கையெழுத்தில் இவ்வாண்டு டிசம்பர் ஏழாம் தேதி எழுதியிருந்தது. ஏழின் நடுவே அவள் இழுக்கும் சிறுகோடும் இருந்தது. அன்று டிசம்பர் ஒன்பது.

தௌனோ அக்குழலையே மீண்டும் மாட்டினார். புதியதைக் கூண்டின்மேல் வைத்து, அருகில் பேனாவையும் வைத்தார். குழல் மாற்றுவது இனியும் தம் வேலையன்று என்று முடிவுசெய்தார்.