கவிழ்த்து வைத்த கைப்பேசி

கூடத்தில் இருப்பவர்கள் அப்பா, அம்மா, நிதி நிறுவனம் நடத்தும் சித்தப்பா, வணிகவியல் பட்டம் வாங்கிய மகள், வேறு யாருமில்லை. மேசையில் இரண்டு வேலைக் கடிதங்கள் மின்விசிறிக் காற்றில் படபடக்கின்றன. ஒன்று வங்கியில் பயிற்சி எழுத்தர் வேலை. மற்றது சித்தப்பாவின் நிறுவனத்தில், சேர்ந்த அன்றே எல்லாக் கணக்குக்கும் கையெழுத்துப் போடும் பதவி. "இதுவரைக்கும் யாரு சித்தப்பா போட்டாங்க?" என்று கேட்கிறாள் மகள். "அவரா? உடம்பு முடியலன்னு நின்னுட்டாரும்மா. நீ என்ன, பாஸ்புக் அடிச்சே தலை நரைக்கப் போறியா?" சித்தப்பா சிரிக்கிறார். கவிழ்த்து வைத்த அவருடைய கைப்பேசி அதிர்ந்து அதிர்ந்து மேசை விளிம்பை நோக்கி நகர்கிறது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவருடைய டீயில் ஆடை படிந்துவிட்டது. "வங்கியே இருக்கட்டுமேங்க," என்கிறாள் அம்மா, மெதுவாக. அப்பாவின் முதுகு நிமிர்கிறது. "என் தம்பி வாய்விட்டுக் கேட்டு இந்த வீட்டுல இல்லைன்னு சொன்னதில்ல." மின்விசிறிக்கு நேர்கீழே அமர்ந்திருந்தும் சித்தப்பாவின் நெற்றியில் வேர்வை வழிவதை மகள் பார்க்கிறாள். கைப்பேசி கீழே விழுகிறது. தரையில் கிடந்தும் அதிர்கிறது. நிறுவனம் மூழ்கிப்போன இன்று, சித்தப்பா அவள் கையைப் பிடித்துக் கையெழுத்து வாங்கினார் என்று வெளியே பேசுகிறார்கள். அது பொய். அவர் பேனாவை நீட்டவே இல்லை. அப்பாவின் சட்டைப்பையிலிருந்து அவளேதான் எடுத்தாள்.